குழலில் கட்டிய வெளிச்சம்

என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இருட்டில் வேட்டைக்குப் போகிறவர் டார்ச்சை எங்கே கட்டிக்கொள்வது நல்லது? தலையிலா, துப்பாக்கியிலா?

சிரிக்காதீர்கள். நாமெல்லாம் தோட்டத்தை விட்டு வந்து சுங்கை ஊடாங் பக்கம் அடுக்குமாடிகளில் அடைந்துவிட்டோம். கரண்ட் போனால் கைப்பேசியைத் தடவுகிறோம், வெளிச்சம் வந்துவிடுகிறது. எதையும் எதிலும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் எனக்குப் பதினோரு வயதான அந்த மழைக்காலத்தில், நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இந்த ஒரு கேள்விக்காக எங்கள் வீட்டில் இரண்டு மாதம் யாருக்கும் சோறு சரியாக இறங்கவில்லை.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்துக் கதை சொல்ல எனக்கு வராது. அப்பாவுக்கு இரவில் கண் தெரியாது. பகலில் தென்னை உச்சியில் உட்கார்ந்திருக்கும் குரங்கின் வால் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று சொல்லுவார். பொழுது சாய்ந்ததும் அவருடைய உலகத்தை யாரோ சாக்குப் பைக்குள் போட்டுக் கட்டிவிடுவார்கள். இது அம்மாவுக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரியாது. அம்மாவின் தம்பி, என் மாமா, ஒவ்வொரு ராத்திரியும் அப்பாவோடு காட்டுக்குப் போனவர், அவருக்கும் தெரியாது. துப்பாக்கியைக் கொடுத்த மேனேஜருக்குக் கனவில்கூடத் தோன்றியிருக்காது.

அந்த வருடம் தோட்டத்தில் கித்தா மரங்களை, ரப்பரைத்தான் சொல்கிறேன், சாய்த்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிக் காடு போய்விட்டது. மரம் போன இடத்துப் பால்வெட்டுக்காரர்கள் வேறு வேலை தேடி லயத்தைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். லாரியில் கட்டில் ஏறும், அம்மிக்கல் ஏறும், கோழிக்கூடு ஏறும், கடைசியில் பிள்ளைகள் ஏறுவார்கள். நாய் மட்டும் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் திரும்பி வரும். புதிதாக நட்ட செம்பனைக் கன்றுகளின் குருத்தை இரவில் காட்டுப்பன்றிகள் வந்து தோண்டித் தின்றன. தோட்டத்தின் பேரில் ஒரு துப்பாக்கி உண்டு, ஒற்றைக் குழல். பகலில் குரங்கு சுடுவதில் அப்பா பேர்போனவர் என்பதால் அது அவர் கைக்கு வந்தது. கொடுக்கும்போது வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொன்னது எங்கள் வாசல்வரை கேட்டது.

"இந்தா பாரு, துப்பாக்கி உன் கையில இருக்கற வரைக்கும் வீடு உன் கையில. மேனேஜர் வாயாலயே சொல்லிட்டாரு. பொழச்சிக்கிட்ட போ."

அப்பா வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வார்? வேண்டாமென்றால் ஏனென்று கேட்பார்கள். ஏனென்று சொன்னால் அடுத்த லாரி எங்களுடையது.

முதல் சில இரவுகள் அம்மாவின் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போனார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு, இடுப்பில் பேட்டரிப் பெட்டி, முதுகோடு ஒரு ஒயர். மரத்தில் ஒரு முழம் தள்ளிக் கத்தி வைக்க அது போதும். பன்றிக்குப் போதாது. அப்பா வெறுங்கையோடு வந்தார். மூன்றாம் நாள் நெற்றியில் வீக்கத்தோடு வந்தார். "மரக்கெள இடிச்சிருச்சு" என்றார். அம்மா மஞ்சளைச் சூடாக்கிப் பற்றுப் போட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை ஜாசினுக்குக் கூட்டிப்போனார். மலாய் பேச நான் கூட இருந்தால் நல்லது என்றார். டார்ச் வாங்கப் போன அந்தச் சீனர் கடையின் முதலாளி, தவுக்கே, நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார் என்பது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். டவுனுக்குப் போகிற மயக்கத்தில் நான் கேட்கவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் டார்ச்சுகள் வெள்ளிக் குழந்தைகள்போல வரிசையாகப் படுத்திருந்தன. இரண்டு கட்டை போடுவது, மூன்று கட்டை போடுவது, எல்லாவற்றுக்கும் பின்னால் ஐந்து பேட்டரிக் கட்டை போடுகிற ஒன்று, என் கை நீளத்துக்கு.

"என்னா சுடப் போறீங்க அண்ணே? யானையா?"

"பன்னி."

"பன்னிக்கு மூணு கட்டை போதும்லா. அஞ்சு கட்டைய குழல்ல கட்டித் தூக்கினா கை உளுந்துரும். பன்னி நின்னு சிரிச்சிட்டுப் போவும்."

"போட்டுப் பாக்கணும்."

கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகள் அடுக்கிய அறை. தவுக்கே எங்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். சணலும் நெத்திலியும் கலந்த வாடை. முதலில் மூன்று கட்டை டார்ச். வெளிச்சம் வெண்ணெய்போலப் பரவியது, அறை முழுக்க மஞ்சள். எதிர் மூலையில் மூட்டை மேல் ஒரு பூனை உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஐ, பூனை!" என்றேன்.

"பாப்பா, பூனை இருக்குன்னியே, எங்கன?"

"அதோ, மூட்டை மேல."

"எந்த மூட்டை?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா என்னோடு விளையாடுகிறார் என்று நினைத்தேன். "உங்க முன்னாலதான்பா, கையை நீட்டினா வால் அகப்படும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஐந்து கட்டை டார்ச்சை வாங்கி, அதன் தலையைத் திருகினார். வெளிச்சம் சுருங்கிச் சுருங்கி ஒரு சாப்பாட்டுத் தட்டளவு வட்டமாகக் கெட்டிப்பட்டது. அந்த வட்டத்தைச் சுவரில் மெதுவாக நகர்த்தினார். மூட்டை, மூட்டை, மூட்டை, பூனை.

"இந்தா இருக்கு" என்று பெருமூச்சு விட்டார்.

"அது ஜாவ் போகும்லா, ரொம்பத் தூரம்," என்றார் தவுக்கே கதவுக்கு வெளியிலிருந்து. "ஆனா சுத்தி ஒண்ணும் தெரியாது அண்ணே. ரொம்பச் சின்ன வெளிச்சம். பின்னால வந்து வருத்தப்படக் கூடாது."

"தூரம் போனா போதும்" என்று அப்பா அதையே வாங்கினார். பரந்த வெளிச்சத்தை விட்டுவிட்டு இந்தக் குழாயை ஏன் வாங்குகிறார் என்று எனக்கு வருத்தம். பஸ்ஸில் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு முறைகூட என்னை அதைத் தூக்க விடவில்லை.

இனி, எங்கே கட்டுவது.

மாமா பார்த்ததும் தலையில் கை வைத்தார். "மச்சான், துப்பாக்கிக்கு டார்ச் கட்டுறீங்களா, டார்ச்சுக்குத் துப்பாக்கி கட்டுறீங்களா?"

அப்பா வேலையை ஆரம்பித்தார். வெறுமனே கட்டினால் நிற்காது. குழல் உருண்டை, டார்ச்சும் உருண்டை, இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். கித்தா மரத் துண்டு ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் பள்ளம் செதுக்கினார், மேல் பள்ளம் குழலுக்கு, கீழ்ப் பள்ளம் டார்ச்சுக்கு. சைக்கிள் டியூபை வளையம் வளையமாக அறுத்து மாட்டினார். அதன் மேல் மங்குக் கம்பி. மரத்தில் பால் வடிகிற மங்கைத் தாங்கிப் பிடிக்குமே, அந்தக் கம்பிதான். சாய்த்த மரங்களிலிருந்து அவிழ்த்தெடுத்தது லயமெல்லாம் குவிந்து கிடந்தது. முறுக்கினால் எலும்பைப்போல் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே பச்சைக் கித்தாப் பாலை விரலால் தொட்டுத் தொட்டுப் பூசினார். ஒவ்வொரு பூச்சும் காயக் காயப் பழுப்பேறி, தோலாகிப்போனது. அந்தப் புளித்த வாடையை எந்தக் கூட்டத்திலும் என் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் வெளியே வந்தாள்.

"என்னாங்க, பாக்கணும்னாலே துப்பாக்கிய நீட்டணுமா?"

"பன்னியப் பாக்கத்தான நீட்டறேன்."

"பன்னியா மனுசனான்னு வெளிச்சம் விழுந்தப்புறந்தான தெரியும்? அதுக்குள்ள குழல் நெஞ்சுக்கு நேரா நின்னுருக்கும். தலையில கட்டுங்க. தலை பாக்கட்டும், அப்புறம் கை நீளட்டும்."

"மண்டையில கட்டுனா பூச்சியெல்லாம் மூஞ்சிக்கு வருது. வாயத் தொறக்க முடியல."

"மூடிக்கிட்டுப் போங்க."

"அது கல்யாணத்தன்னிக்கே மூடியாச்சுக்கா," என்றார் மாமா.

அம்மா சிரிக்கவில்லை. அப்பாவும் சிரிக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அப்போது அது வெறும் சண்டை. இன்று நினைத்துப் பார்த்தால், மாமாவையும் என்னையும் வைத்துக்கொண்டு பேச முடியாத ஒன்றை அவர்கள் பேச்சில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். தலையில் கட்டினால் வெளிச்சம் ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம், அவருடைய கண் எங்கும் இருக்காது. குழலில் கட்டினால் மூன்றும் அந்தத் தட்டளவு வட்டத்துக்குள் வந்துவிடும். அவரால் வேட்டையாட முடிகிற ஒரே வழி அதுதான். அதுதான் மிக மோசமான வழியும். அம்மா சொன்னதும் சரி. அப்பா செய்ததும் சரி. இப்படி இரண்டு சரிகள் ஒரே வீட்டில் இருந்தால் எப்படித் தூங்குவது?

அன்று மாலை, விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கொட்டகைச் சுவரில் வெளிச்சத்தைச் சரிபார்க்கப் போனோம். சுவரில் நான் சாக்கட்டியால் வட்டம் போட்டேன். அப்பா துப்பாக்கியில் தோட்டா இல்லையென்று இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டு, இருபதடி தள்ளி நின்று குழலை அந்த வட்டத்துக்குக் குறிவைத்தார். வெளிச்சம் கீழே விழுந்தது. மரத்துண்டுக்கு அடியில் சிகரெட் அட்டையை மடித்துச் செருகினார், ஏறியது. இன்னொரு அட்டை. வெளிச்ச வட்டமும் சாக்கட்டி வட்டமும் ஒன்றாகிப்போயின.

அதற்குள் இருட்டியும் விட்டது; வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். அப்பா போகவில்லை. அந்த வட்டத்தைச் சுவர் முழுக்க மேய விட்டார்.

"பாப்பா, இங்க ஒரு பல்லி பாரு. ரெண்டு பல்லி! இங்க எவனோ பேரு எழுதி வச்சிருக்கான். அடடே, ஓட்டுக்கு அடியில சிட்டு கூடு கட்டியிருக்கு, பாத்தியா நீ?"

நான் தினமும் பார்க்கிற பல்லி, தினமும் பார்க்கிற கூடு. எனக்குக் கொசுக்கடி. "வாங்கப்பா, பசிக்குது" என்று நச்சரித்தேன். அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. எத்தனையோ வருடங்களாக இருட்டில் ஒரு பல்லியைப் பார்க்காத மனிதர். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம் நான்.

அந்த வாரமே பன்றி விழுந்தது. சுட்ட அதிர்ச்சியில் டார்ச் அணைந்துபோய், மாமா இருட்டில் மரமேறி உட்கார்ந்துகொண்டு, "மச்சான், பன்னி செத்துச்சா, நாம செத்தமா?" என்று கத்தியதாக லயமே சொல்லிச் சிரித்தது. மறுநாள் அப்பா டார்ச்சின் மூடிக்குள் ஸ்பிரிங்குக்கு அடியில், வெட்டுப் பட்டையில் காய்ந்து இறுகுகிற ஒட்டுப்பால் துண்டு ஒன்றைச் செருகினார். பிறகு அணையவில்லை. பன்றிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. கறி பங்கு வைக்கும்போது வாழையிலையோடு பெண்கள் சுற்றி நிற்பார்கள். அம்மா எல்லாருக்கும் தாராளமாக வெட்டித் தருவாள். ஈரலை மட்டும் தொட விடமாட்டாள்.

"எல்லாம் சரி, ஈரல் மட்டும் அவ வீட்டுக்கு. அவ்வளோ ஆசை பாரு."

என் காதுபடவே சொன்னார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். அம்மாவுக்கு ஈரல் வாடையே ஆகாது. மாலைக்கண்ணுக்கு ஈரல் நல்லது என்று எங்கோ கேட்டிருக்கிறாள். மிளகு தட்டிப் போட்டு வதக்கி அப்பாவின் தட்டில் வைத்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் போய் நிற்பாள்.

இன்னொன்றும் சொன்னார்கள். கோயில் திருவிழா முடிந்து ராத்திரி நடந்து வரும்போது அம்மா எப்போதும் அப்பாவுக்கு ஒரு எட்டு முன்னால் நடப்பாள். முதுகில் வெள்ளைத் துண்டு தொங்கும். "புருசன பின்னால விட்டுட்டு எப்படிப் போறா பாரு, மேனேஜரம்மா." அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் அவள் பெற்ற பிள்ளை, நானே அப்படித்தான் நினைத்தேன்.

காட்டில் அப்பாவின் இன்னொரு கண் மாமா. அது மாமாவுக்கே தெரியாது. "எத்தன கண்ணு தெரியுது, சொல்லு பாப்போம்" என்று அப்பா கேட்பாராம். மச்சான் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்து மாமா ஆர்வமாகச் சொல்வாராம். வெளிச்சம் பட்டால் மாட்டுக் கண் பச்சையாக எரியும். மரநாய்க்குத் தணல் நிறம். புல்லில் இருக்கிற சிலந்திக்குக்கூட ஊசி முனையளவு மின்னும். பன்றிக்குத்தான் மின்னாது. மங்கிப்போன செங்கல் துணுக்குபோல ஏதோ இருக்கும், இல்லையென்றால் அதுவும் இருக்காது. மாமா இதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "மின்னுச்சுன்னா யார் வீட்டு மாடோ, விட்டுரணும். மின்னாம குனிஞ்சு கெடந்துச்சா, அது நம்ம கறி."

இப்போது அந்த விடிகாலைக்கு வந்துவிடுகிறேன். சுற்றிச் சுற்றி வந்தது போதும்.

பள்ளிக்கூட விடுமுறை. ஒட்டுப்பால் உருவ நான் அம்மாவோடு போயிருந்தேன். மேகம் திரண்டிருந்ததால், மழைக்கு முன் பாலெடுக்க வேண்டுமென்று பெரட்டைச் சீக்கிரமாகவே முடித்துப் பெண்களை அனுப்பிவிட்டார்கள். அம்மாவின் மர நிரை கடைசி. அதைத் தாண்டினால் செம்பனைக் கன்றுகள். மற்றவர்களின் விளக்குகள் தூரத்தில் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தன. பத்து மரம்கூட ஆகியிருக்காது, அம்மாவின் விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகி, செத்துப்போனது.

"நேத்துத்தான புதுக் கட்டை போட்டேன்," என்றாள். பெட்டியைத் திறந்து விரலால் தடவினாள்.  புதுக் கட்டைகள் எந்த டார்ச்சுக்குப் போயிருக்கும் என்று தெரிந்துகொண்டாள்போல. அப்பா தன் பழையதை அவள் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருந்தார். விடிய இன்னும் நேரம் இருந்தாலும் அம்மா நிறுத்தவில்லை. "கைக்குத் தெரியும்" என்று குனிந்தாள். அந்த நிரையில் வெட்டுப் பட்டை மரத்தின் அடியில் இருந்தது. கிட்டத்தட்ட மண்டியிட வேண்டும். கறுத்துப்போன பழைய முழுக்கைச் சட்டை, தலையில் சாக்குத் துணி. நான் அவளுக்குப் பக்கத்தில் குந்தி ஒட்டுப்பாலைத் தடவி உருவிக்கொண்டிருந்தேன்.

அங்கே செம்பனைப் பக்கம் அப்பா ஒரு பன்றியைச் சுட்டுக் காயப்படுத்தியிருந்தார். அது கித்தாக் காட்டுப் பக்கம் ஓடியது. காயம்பட்ட பன்றி பால்வெட்டுக்கு வருகிற பெண்கள் நடுவே போய் நின்றால் என்னாகும்? அதனால்தான் விடாமல் பின்னால் வந்தார். பெண்கள் ஏற்கெனவே வந்துவிட்டது அவருக்குத் தெரியாது. மாமா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சுற்றிப் போயிருந்தார். முதல் முறையாக அப்பா தனியாக இருந்தார்.

வெளிச்சம் எங்கள் மேல் விழுந்தது.

எனக்குப் பெருமையாக இருந்தது. நம்ம டார்ச், இவ்வளவு தூரம் எட்டுகிறதே என்று. பல்லைக் காட்டிக் கையை ஆட்டப் போனேன். அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே அழுத்தியது. பால் பிசுபிசுக்கும் கை. அவள் நிமிரவில்லை. முகத்தைத் திருப்பவில்லை. எழுந்தால் பன்றி எழுந்ததாகிவிடும், ஓடினால் பன்றி ஓடியதாகிவிடும், அலறினால் அவர் விரல் பதறும். அந்த வெளிச்சம் எங்கே விழுகிறதோ குழலும் அங்கேதான் விழுந்திருக்கிறது என்று அந்தத் தோட்டத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

வீட்டில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சொல்கிற மாதிரி, மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கோப்பி ஆறிக்கிட்டு இருக்கு. வாங்க, பசியாறலாம்."

வெளிச்சம் அசையவில்லை. மழைத்துளி ஒன்று இலையில் விழுந்தது. எங்கோ ஒரு மங்கில் பால் சொட்டியது.

"சீனி தூக்கலா போட்டிருக்கேன்," என்றாள். குரல் ஒரு மயிரிழைகூட உயரவில்லை. "பாப்பாவும் பக்கத்துலதான் இருக்கா."

வெளிச்சம் மெல்ல இறங்கி மண்ணுக்கு வந்தது. பிறகு அணைந்தது. இருட்டில் ஏதோ கனமாக உட்கார்ந்த சத்தம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து மாமா, "மச்சான்! ஏன் லைட்ட அணைச்சீங்க? பன்னி இங்க செத்துக் கெடக்குலா!" என்று கத்தினார். 

விடிந்ததும் அப்பா அம்மாவின் வெட்டுக்கத்தியை வாங்கி, டியூப் வளையங்களை அறுத்து, கம்பியை முறுக்கவிழ்த்து, டார்ச்சைத் தனியாக எடுத்து மாமாவிடம் கொடுத்தார். பால் பூச்சு தோல் உரிவதுபோல் உரிந்தது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார். நானும் அம்மாவும் பின்னால் போனோம். மண்டோர் வாசலிலேயே நின்றார்.

"என்னாய்யா, நல்லாத்தான போய்க்கிட்டிருக்கு? பயந்துட்டியா?"

அப்பா வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள். "நான்தாண்ணே வேணாம்னு சொன்னேன். ராத்திரியில புருசன காட்டுக்கு விட்டுட்டு என்னால தூங்க முடியல."

"வீட்டையும் யோசிச்சியா தங்கச்சி?"

"யோசிச்சிட்டேன்."

அந்த மாதம் முடிவதற்குள் எங்கள் லாரி வந்தது. பெண்டாட்டி பேச்சைக் கேட்டுத் துப்பாக்கியை வைத்தவன் என்று அப்பாவையும், புருஷனை முந்தானையில் முடிந்தவள் என்று அம்மாவையும் லயம் பேசிக்கொண்டிருந்தபோதே கட்டில் ஏறியது. கண் என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் வேறு எங்கும் அவருக்கு வேலை கிடைக்காது என்பதற்காக அம்மா அந்தப் பேச்சு முழுவதையும் தன் தலையில் வாங்கிக்கொண்டாள். சிம்பாங் அம்பாட்டில் ஒரு கோழிப் பண்ணை; பகல் வேலை மட்டும் போதும் என்று அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. தோழிகளை விட்டு, பள்ளியை விட்டு வந்த ஆத்திரத்தில் நான் அம்மாவோடு சரியாகப் பேசாமல் பல மாதம் இருந்தேன். இவள் ஒருத்தி பயந்ததால்தானே எல்லாம் போயிற்று? மாமாவோடு போன அந்த டார்ச் பிறகு என்னானது என்று தெரியவில்லை. மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சில வருடங்களுக்கு முன்னால் அப்பாவைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். பகலிலும் தடுமாற ஆரம்பித்திருந்தார். மருத்துவர் சின்னப் பெண், மலாய்க்காரர். இருட்டில் தெரியாமல் போய் எவ்வளவு காலமாகிறது என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"இப்பதாம்மா. வயசாச்சுல்ல," என்றார் அப்பா.

"பொய்," என்றாள் அம்மா. "கல்யாணமான மூணாம் நாளே எனக்குத் தெரியும். குழாயடியில என்னைத் தேடிக்கிட்டு வந்து, தூணுக்கிட்ட நின்னு கால் மணி நேரம் ஆசையா பேசிக்கிட்டிருந்தாரு. நான் இந்தப் பக்கம் துணி தொவச்சிக்கிட்டு இருக்கேன்."

மருத்துவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், மொழிபெயர்ப்புக்காக. எனக்கு மலாய் முழுக்க மறந்துபோனது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கேட்டேன். இத்தனை வருடம் கேட்கத் தோன்றாதது.

"அன்னிக்கு விடியக்காலையில அந்த வெளிச்சத்துல எங்கள எப்படிப்பா அடையாளம் கண்டீங்க?"

"எங்க கண்டேன்?" என்றார் சாதாரணமாக. "பன்னிதான் தெரிஞ்சுது. பெரிய பன்னி, பக்கத்துல ஒரு குட்டி. கண்ணு மின்னல. விசையில விரலு அழுந்திக்கிட்டிருக்கு. அப்பத்தான் பன்னி, கோப்பி ஆறுதுன்னுச்சு."

"குரல் கேட்டதும் தெரிஞ்சிடுச்சா?"

"இல்லம்மா. அப்பவும் பன்னிதான் தெரிஞ்சுது. என்னாடா, பன்னி கோப்பி குடிக்கக் கூப்பிடுதேன்னு நெனச்சேன். சீனி தூக்கலான்னுச்சு பாரு, அப்பத்தான் விரல எடுத்தேன்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மாவின் குரல் வந்தது:

"அந்தப் பன்னிதான் அன்னையிலேருந்து சோறாக்கிப் போட்டுக்கிட்டு இருக்கு. எந்திரிச்சு சாப்பிட வாங்க ரெண்டு பேரும்."

அப்பா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அம்மா உள்ளே சிரிக்கிற சத்தமும் கேட்டது, கரண்டி தட்டில் படுகிற சத்தமும் கேட்டது. நானும் எழுந்துகொள்ளப் பார்த்தேன். பதினோரு வயதில் ஆட்டப் போன அந்தக் கையின் மணிக்கட்டை, நாற்பது வருடம் கழித்து, பட்டப்பகலில், அந்தக் கூடத்தில், மற்றக் கையால் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.